முதலில் சோப்பு, பிறகு போதனை

போர், வன்முறை, ஒடுக்குமுறை ஆகியவற்றால் வீட்டைவிட்டு விரட்டப்பட்டவர்கள் 2024ஆம் ஆண்டின் முடிவில் உலகெங்கும் 12 கோடிக்கும் மேல் என்கிறது ஐ.நா. அகதிகள் ஆணையம். இவர்களில் முகாம்களில் வாழ்பவர்கள் ஒரு பகுதியினர்தான். ஆனால் வயிற்றுப்போக்கும் நிமோனியாவும் குழந்தைகளைக் கூட்டமாகத் தாக்கும் இடங்களில் முகாம்களே முன்னால் நிற்கின்றன. ஒரு தார்ப்பாயின் கீழ் ஆறேழு பேர், ஒரு கழிப்பறைக்கு ஐம்பது பேர், ஒரு குழாயின் முன் நீண்ட குடவரிசை என்று வாழ்க்கை ஒடுங்கிப்போன இடத்தில், ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் வாய்க்குக் கிருமி போய்ச் சேர நேரம் பிடிப்பதில்லை. அந்த வழியை அடைப்பதற்கு நம்மிடமுள்ள மலிவான, நன்கு சோதித்துப் பார்க்கப்பட்ட முறை சோப்பால் கை கழுவுவது. அப்பழக்கத்தை முகாமில் எப்படி வேரூன்றச் செய்வது என்ற கேள்விக்கு உதவி அமைப்புகள் பழக்கத்தால் சொல்லும் விடை விழிப்புணர்வு. சுவரொட்டி ஒட்டுவார்கள், ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள், கூடாரம் கூடாரமாகப் போய்க் கிருமியைப் பற்றி விளக்கத் தன்னார்வலர்களை அனுப்புவார்கள். கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துவைத்துப் படித்தால் இந்த வரிசை தலைகீழாக இருப்பது தெரிகிறது. சோப்பும் நீரும் அவற்றுக்குரிய இடமும் முதலில் வரவேண்டும். சொல் அதற்குப் பிறகு வரலாம். அப்போதும் அது நோயைப் பற்றிய சொல்லாக இருக்கவேண்டியதில்லை.

கை கழுவுவதன் பலன் எவ்வளவு என்பதைப் பார்த்துவிடுவோம். பாகிஸ்தானின் கராச்சி நகரக் குடிசைப் பகுதிகளில் ஸ்டீபன் லூபியும் அவர் குழுவினரும் நடத்திய ஆய்வு 2005இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. வாரந்தோறும் ஆட்கள் வந்து சோப்பு தந்து, கை கழுவச் சொல்லி ஊக்கிய வீடுகளில் 15 வயதுக்குட்பட்டோரின் வயிற்றுப்போக்கு 53 விழுக்காடு குறைந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடையே நிமோனியா பாதியானது. சாதாரண சோப்பு, கிருமிநாசினி கலந்த சோப்பு இரண்டையும் தனித்தனியே கொடுத்துப் பார்த்தார்கள், பலனில் வேறுபாடில்லை. சோப்பு கிருமியைக் கொன்றாக வேண்டும் என்பதில்லை. தோலின் எண்ணெய்ப் பசையில் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பெயர்த்து நீரோடு போகவிட்டால் போதும். முகாம்களைப் பொறுத்தவரை இதற்கு இன்னொரு பொருளும் உண்டு. சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லா கிருமி பத்து முதல் நூறு வரை உள்ளே போனாலே ஆளை வீழ்த்திவிடும். காலராவுக்கு அதைவிடப் பல மடங்கு தேவை. குடிநீரில் குளோரின் கலந்துவிட்டால் காலராவின் பெருவழி அடைபடும். ஷிகெல்லாவோ கையிலிருந்து கைக்கு, கையிலிருந்து சோற்றுக்கு என்று தன் பாட்டில் போய்க்கொண்டிருக்கும். டாக்காவில் ஷிகெல்லா நோயாளி இருந்த குடும்பங்களுக்கு நீர்க்குடமும் சோப்பும் கொடுத்து 1980களின் தொடக்கத்தில் ஓர் ஆய்வு நடந்தது. இரண்டையும் பெற்ற வீடுகளில் மற்றவர்களுக்கு நோய் தொற்றுவது பெருமளவு குறைந்தது.

கராச்சியில் சோப்பும் கிடைத்தது, ஊக்கமும் கிடைத்தது. பலன் எதனால் வந்தது என்பதை அந்த ஆய்வை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. ஆனால் அதே குழு அதே வீடுகளுக்குப் பின்னர் திரும்பிச் சென்றது. இலவச சோப்பு நின்று ஒன்றரை ஆண்டு கழிந்திருந்தது. கை கழுவ நீரும் சோப்பும் வைத்திருந்த வீடுகள் முன்பு ஊக்கம் பெற்றவர்களிடையே 79 விழுக்காடு, பெறாதவர்களிடையே 53 விழுக்காடு. அறிவு நிலைத்திருந்தது, ஓரளவு பழக்கமும் நிலைத்திருந்தது. ஆனால் அவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகச் சோப்பு வாங்கவில்லை, வயிற்றுப்போக்கிலும் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லாமல் போனது. பிள்ளைக்கு நோய் வராமல் தடுக்கும் வழி தெரிந்த தாய், அந்த வழிக்கு வேண்டிய பொருளைக் கூடுதலாக வாங்கவில்லை. ஒன்பது மாதம் கேட்ட அறிவுரையும் காலியான சோப்புப் பெட்டியை நிரப்பவில்லை. கூலி வேலைக்குப் போகக்கூடிய நகரத்து ஏழைகளிடமே இதுதான் நிலை என்றால், வருமானம் அற்றுப்போன முகாம்வாசியிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

முகாமுக்குள் நடந்த ஆய்வுகளில் மலாவி நாட்டின் நியாமிதுது முகாம் ஆய்வு முக்கியமானது. மொசாம்பிக் உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி வந்தவர்கள் அங்கே இருந்தார்கள். அக்காலத்தில் அகதிகளுக்குச் சோப்பு கொடுப்பது தேவையா, வீண் செலவா என்பதே சர்ச்சையாக இருந்தது. வீட்டில் சோப்பு இருந்த நாட்களில், இல்லாத நாட்களைவிட வயிற்றுப்போக்கு 27 விழுக்காடு குறைவு என்று அந்த ஆய்வு கண்டது. இதில் கவனிக்கவேண்டியது, அந்தச் சோப்பு பெரும்பாலும் குளிக்கவும் துணி துவைக்கவுமே செலவானது என்பது. கைக்கென்று தனியாக ஒதுக்காதபோதும் வீட்டில் அது இருந்ததே பயன் தந்தது. துணி துவைக்கிற கையும் கழுவப்படும் கைதான். குழந்தையைச் சோப்பு போட்டுக் குளிப்பாட்டும் தாயின் கையும் அப்போது சுத்தமாகிறது.

அண்மை ஆண்டுகளில் நடந்த இரண்டு ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த வாதம் இன்னும் தெளிவடையும். இராக்கின் குர்திஸ்தான் பகுதி முகாம் ஒன்றில் சிறுவர்களுக்காக ஒரு புதுவகைச் சோப்பைச் சோதித்தார்கள். கண்ணாடிபோல் தெளிவான சோப்பு. உள்ளே ஒரு சிறு பொம்மை. கழுவக் கழுவப் பொம்மை வெளியே வரும். நோயைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், விளையாட்டாக அறிமுகப்படுத்தினார்கள். ஒப்பீட்டுக் குழுவுக்குச் சாதாரண சோப்பும் வழக்கமான சுகாதார அறிவுரையும் கிடைத்தன. நான்கு வாரம் கழித்துப் பார்த்தபோது பொம்மைச் சோப்பு பெற்ற சிறுவர்கள் கை கழுவவேண்டிய வேளைகளில் கழுவுவது ஏறத்தாழ நான்கு மடங்காக இருந்தது. 2019இல் வெளியான இந்த முடிவு உதவி அமைப்புகளிடையே பெரும் உற்சாகத்தை உண்டாக்கியது. பிறகு அதே முறையைச் சோமாலியாவின் மொகதிஷு நகரை ஒட்டிய கஹ்தா பகுதி முகாம்களில் இன்னும் பெரிய அளவில் சோதித்தார்கள். அங்கே பொம்மைச் சோப்பு பெற்றவர்களும் முன்னேறினார்கள், சாதாரண சோப்பு பெற்றவர்களும் முன்னேறினார்கள். கூடுதல் செலவை நியாயப்படுத்தும் கூடுதல் பலன் எதுவும் பொம்மையால் இல்லை. இராக் முகாமில் சோப்பு முன்பே புழக்கத்தில் இருந்தது. அறிவுரையும் கேட்டுக் கேட்டுச் சலித்திருந்தது. கஹ்தாவில் சோப்பே அரிது, அதைப் பற்றிய பேச்சும் முன்பு அதிகம் எட்டியதில்லை. சோப்பு இருக்கும் இடத்தில் அதைப் பயன்படுத்தத் தூண்டும் உத்திக்கு மதிப்புண்டு. இல்லாத இடத்தில் சோப்புதான் உத்தி. இந்த இரண்டு ஆய்வுகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. எதை எப்போது செய்யவேண்டும் என்பதைச் சேர்ந்து சொல்கின்றன.

‘ஸ்பியர்’ எனப்படும் மனிதநேய உதவிக்கான பன்னாட்டு அளவுகோல் ஒருவருக்கு மாதம் 250 கிராம் குளியல் சோப்பு, 200 கிராம் துணி சோப்பு, நாளொன்றுக்கு 15 லிட்டர் நீர் என்று குறைந்தபட்ச அளவை வகுத்திருக்கிறது. 250 கிராம் என்பது நாளுக்கு எட்டு கிராம். குளிப்பதும் முகம் கழுவுவதும் தலை அலசுவதும் போக மிஞ்சுவது கைக்கு. நீரின் கணக்கு இன்னும் இறுக்கமானது. கைக்குழந்தை உள்ள ஒரு தாய் கழிப்பறை போய்வந்த பின், குழந்தையின் மலம் கழுவிய பின், சமைக்கும் முன், ஊட்டும் முன், தான் உண்ணும் முன் என்று நாளில் பத்துமுறை கை கழுவுகிறாள் என்று கொள்வோம். ஒருமுறைக்கு அரை லிட்டர் என்றால் ஐந்து லிட்டர். அவள் பங்கில் மூன்றில் ஒன்று. எஞ்சிய பத்து லிட்டரில் குடிக்கவேண்டும், சமைக்கவேண்டும், குளிக்கவேண்டும், துவைக்கவேண்டும். அதுவும் பங்கு முழுமையாகக் கிடைத்தால். இந்த நிலையில் ஒரு தாய் ஒருமுறை கை கழுவாமல் விடுவதை அறியாமை என்று சொல்வது பிழை மட்டுமல்ல, அவமதிப்பும்கூட. அவள் கையிலிருக்கும் நீரைப் பங்கிடுகிறாள். தாய்லாந்து, எத்தியோப்பியா, கென்யா ஆகிய நாடுகளில் நீண்டகால அகதி முகாம்களை உற்று நோக்கிய ஓர் ஆய்வும் இதையே காட்டியது. சோப்பு துணிக்கும் பாத்திரத்துக்கும் குளியலுக்கும் போயிற்று. கழிப்பறையிலிருந்து வந்த கையில் அது படுவது குறைவாகவே இருந்தது.

இதற்கு இடமும் ஒரு காரணம். குளிக்கும் இடத்தில் சோப்பு இருக்கிறது, கழிப்பறை வேறெங்கோ இருக்கிறது. வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் பகுதியில் 2017 ஆகஸ்ட் முதல் சில மாதங்களுக்குள் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் வந்து சேர்ந்தபோது, குன்றுகளில் இடம் கண்ட பக்கமெல்லாம் கழிப்பறைகள் எழுந்தன. பலர் சேர்ந்து பயன்படுத்தும் கழிப்பறைப் பக்கத்தில் தன் சோப்பை வைத்துவிட்டு வர யாருக்கும் மனம் வராது; வைத்தால் அடுத்த முறை இருக்காது. வீட்டுக்குத் திரும்பிக் கழுவலாம் என்றால், வழியில் குழந்தை அழும், அடுப்பு கூப்பிடும், மறந்துபோகும். வங்கதேசத்து ஆய்வாளர்கள் இதற்கு எளிய தீர்வு ஒன்றைக் கண்டார்கள். கொஞ்சம் துணி துவைக்கும் தூளை ஒரு பாட்டில் நீரில் கரைத்து, மூடியில் துளையிட்டு, கழிப்பறை அருகே கட்டித் தொங்கவிடுவது. செலவு சொற்பம், அதைத் திருடவும் யாரும் மெனக்கெடமாட்டார்கள். அதே நாட்டில் இரண்டு தொடக்கப் பள்ளிகளில் இன்னொன்று செய்து பார்த்தார்கள். கழிப்பறையிலிருந்து கை கழுவும் இடத்துக்கு ஒரு நடைபாதை போட்டு, அதில் பளிச்சென்ற நிறத்தில் பாதச் சுவடுகளையும், கழுவுமிடத்தில் கைச் சுவடுகளையும் வரைந்தார்கள். பாடம் எதுவும் நடத்தவில்லை. முன்பு 4 விழுக்காடாக இருந்த சோப்புக் கைகழுவல் மறுநாளே 68 ஆனது. ஆறு வாரம் கழித்து 74. பள்ளி வேறு, முகாம் வேறு என்பது உண்மைதான். ஆனால் கால் போகும் வழியில் நீரும் சோப்பும் குறுக்கே நின்றால் கை தானாக நீளும் என்பது இரண்டுக்கும் பொது.

இடம்பெயர்ந்தோர் எல்லாம் சுத்தம் அறியாத மக்கள் என்ற எண்ணம் விழிப்புணர்வுத் திட்டங்களின் அடியில் ஒளிந்திருக்கிறது. தமிழ் வாசகர்களுக்கு இதன் பொய்யை விளக்கத் தேவையில்லை. 2009இல் இலங்கையில் இறுதிப் போர் முடிந்தபோது வவுனியா மாவட்டத்தில் செட்டிக்குளத்தை ஒட்டிய மெனிக் பாம் முகாமிலும் சுற்றியிருந்த முகாம்களிலும் ஏறத்தாழ 2,80,000 தமிழர்கள் அடைக்கப்பட்டார்கள். முற்றத்துக் கிணற்றில் வாளி வாளியாக அள்ளிக் குளித்துப் பழகிய வன்னி மக்கள் பவுசர் லாரி கொண்டுவரும் நீருக்கு வரிசையில் நின்றார்கள். அந்த ஆண்டே ஹெபடைட்டிஸ் ஏ, அவர்கள் செங்கண்மாரி என்று அறிந்த நோய், முகாம்களில் பரவியது. மலத்திலிருந்து வாய்க்குப் போகும் கிருமி அது. ஆகஸ்ட் மழையில் முகாமின் தாழ்ந்த பகுதிகளில் வெள்ளம் புகுந்து கழிப்பறைகள் நிரம்பின. அங்கே குறைந்தது அறிவல்ல. பிறந்ததிலிருந்து பழகிய சுத்தத்தைக் கடைப்பிடிக்கும் வசதி பிடுங்கப்பட்டிருந்தது. முகாமில் ஒரு பெண் கை, முகம் கழுவித் தலை வாரிக்கொள்வதில் நோய் பயத்தைவிட, தான் இன்னும் தான்தான் என்ற உறுதி பெரிதாக இருக்கும். உதவி அமைப்புகளும் ஆய்வாளர்களும் சேர்ந்து உருவாக்கிய ‘வாஷ்எம்’ என்ற முறை, திட்டம் தீட்டும் முன் மக்களிடம் போய் அவர்கள் எதை மதிக்கிறார்கள், இழப்புக்கு முன் எப்படி வாழ்ந்தார்கள் என்று கேட்கச் சொல்கிறது. மக்களைக் கேட்பதிலிருந்து தொடங்குவதால் அதை நல்ல திசையில் வைத்த அடி என்பேன்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். சொல்லால் மட்டும் பழக்கம் மாறும் என்பதற்கு வலுவான சான்று ஒன்று உண்டு, அதுவும் நம் அண்டையிலேயே. ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டக் கிராமங்களில் ‘சூப்பர் அம்மா’ என்ற பிரசாரத்தைச் சோதித்தார்கள். முடிவு 2014இல் வந்தது. ஆறு மாதத்துக்குப் பின் பிரசாரம் நடந்த ஊர்களில் சோப்பால் கை கழுவுவது 37 விழுக்காடு, நடக்காத ஊர்களில் 6. இதை மறுக்க முடியாது, மறுக்கவும் வேண்டாம். ஆனால் சித்தூர் வீடுகளில் சோப்பு முன்பே இருந்தது. அந்தப் பிரசாரமும் கிருமியையும் நோயையும் முன்னால் வைக்கவில்லை. பிள்ளையை நல்ல பழக்கத்தோடு வளர்க்கும் தாயின் பெருமையையும், அழுக்கின் மீதான அருவருப்பையுமே தொட்டது. சொல் வெல்லும் நிபந்தனைகள் எவை என்பதை இந்தச் சான்று காட்டுகிறது.

இதைவிடக் கடினமானது எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் மறுப்பு. கென்யாவிலும் ஜிம்பாப்வேயிலும் கிராமங்களில் நடந்த பெரிய ஆய்வுகள் 2018, 2019ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. வீடுகளுக்குக் கை கழுவும் வசதியும் சோப்பும் கொடுத்தும் வயிற்றுப்போக்கு குறையவில்லை. வங்கதேசத்தில் நடந்த இணை ஆய்வில் மட்டும் குறைந்தது: கை கழுவும் திட்டம் நடந்த வீடுகளில் 3.5 விழுக்காடு குழந்தைகளுக்கு, நடக்காத வீடுகளில் 5.7 விழுக்காடு குழந்தைகளுக்கு. பொருள் கொடுத்தால் போதும் என்ற எளிய முடிவை இது தடுத்துவிடுகிறது. வங்கதேசத்தில் ஊழியர்கள் மாதத்தில் ஐந்தாறு முறை வந்தார்கள். தீர்ந்த சோப்பு மீண்டும் நிரப்பப்பட்டது. கென்யாவில் ஊழியர் வருகை மாதத்துக்கு ஒருமுறை என்ற அளவில் இருந்தது. இரண்டாம் ஆண்டில் கை கழுவுமிடத்தில் சோப்பும் நீரும் இருந்த வீடுகள் பெரிதும் குறைந்தன. ஜிம்பாப்வேயின் சிதறிக் கிடக்கும் கிராமத்து வீடுகளில் கோழி எச்சம், ஆட்டுப் புழுக்கை, குழந்தை தவழும் மண் என்று கிருமிக்கு வேறு வழிகள் பல. நெருக்கமான முகாமிலோ மனிதக் கையே பெருவழி. அங்கே ஊழியர்கள் ஒரே நாளில் நூறு கூடாரங்களுக்குப் போய்வர முடியும். கென்ய அனுபவம் என் கருத்தைத் திருத்துகிறது, தகர்க்கவில்லை. சோப்பை ஒருமுறை கொடுப்பது திட்டமாகாது. தீரத் தீரக் கொடுப்பதே திட்டம்.

கொடுக்கும் சோப்பை விற்றுவிடுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு முகாம் நிர்வாகிகளிடம் அடிக்கடி கேட்பது. விற்கிறார்கள், உண்மை. ரேஷனில் வராத காய்கறிக்கும் பாலுக்கும் மருந்துக்கும் விற்கிறார்கள். அந்தச் சோப்பை வாங்குபவரும் அதே முகாமைச் சேர்ந்தவராக அல்லது அருகிலுள்ள ஏழையாகவே பெரும்பாலும் இருப்பார், அவர் கையும் கழுவப்படும். விற்பனை சொல்வது ரேஷன் போதவில்லை என்ற செய்தியை. இலவசம் மக்களைச் சோம்பேறியாக்கும் என்பவர்கள், வங்கதேசத்தில் ரோஹிங்கியாக்களுக்கு முறையான வேலை செய்யும் உரிமையே இல்லை என்பதை நினைக்கவேண்டும். உழைத்து வாங்கும் வழியை அடைத்துவிட்டு, வாங்கவில்லையே என்று குறை சொல்வது நியாயமில்லை. சந்தை இயங்கும் இடங்களில் பொருளுக்குப் பதிலாகப் பணம் கொடுப்பது நல்லது என்ற வாதத்தை ஏற்கிறேன்.

நீருக்கும் கழிப்பறைக்கும் பிறகுதானே சோப்பு என்ற கேள்விக்கு 1994 ஜூலையில் கோமா நகரம் விடை சொல்லிவிட்டது. ருவாண்டாவிலிருந்து லட்சக்கணக்கானோர் சில நாட்களில் அன்றைய சையிர் எல்லையைக் கடந்து அங்கே வந்தார்கள். எரிமலைப் பாறை நிலத்தில் கழிப்பறைக் குழி தோண்ட முடியவில்லை. முதல் வாரத்தில் கிடைத்த சுத்திகரித்த நீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 200 மில்லிலிட்டர், ஒரு தம்ளர் அளவு. காலராவும் பின்னாலேயே சீதபேதியும் வந்தன. முதல் மாதத்தில் மாண்டவர்கள் ஏறத்தாழ 50,000 பேர். அத்தகைய நாட்களில் நீரே எல்லாவற்றுக்கும் முந்தியது, அதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. ஆனால் நீர் லாரி வரத் தொடங்கிய மறுநாளே சோப்பும் வரவேண்டும். அச்சிட்ட தாள் அதற்குப் பிறகு வந்தால் போதும்.

திட்டங்களின் வெற்றியை அளக்கும் முறையிலும் ஒரு கோளாறு இருக்கிறது. கை கழுவுகிறீர்களா என்று கேட்டால் எவரும் ஆம் என்றே சொல்வார்கள். வங்கதேசத்தில் சோப்புக் கட்டிக்குள் அசைவை உணரும் கருவியை மறைத்துவைத்து அளந்தபோது, ஆய்வாளர் வீட்டில் உட்கார்ந்து கவனித்த நேரத்தில் சோப்பின் புழக்கம் 35 விழுக்காடு கூடியது தெரிந்தது. கூட்டத்துக்கு வந்த தலைகளை எண்ணுவதும், சொன்ன பதில்களைக் கூட்டுவதும் கொடையாளருக்கு மனநிறைவு தரலாம். குழந்தையின் வயிற்றைப் பற்றி அவை ஒன்றும் சொல்வதில்லை. 2025இல் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவியைப் பெருமளவு வெட்டிய பிறகு உலகெங்கும் முகாம்களின் நிதி சுருங்கிவருகிறது. வெட்டு விழும்போது மாதாந்தரச் சோப்பு முதலில் போய்விடக்கூடாது. சுவரொட்டியும் பயிற்சி முகாமும் போகட்டும். நன்கொடை கொடுப்பவர்கள் உதவி அமைப்புகளிடம் கேட்கவேண்டிய கேள்வி இரண்டுதான்: கடந்த ஆண்டில் எத்தனை மாதம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் முழு அளவு சோப்பு கிடைத்தது, எத்தனை கழிப்பறைகளின் பக்கத்தில் இன்று நீரும் சோப்பும் இருக்கின்றன. இவற்றுக்கு எண்ணில் பதில் சொல்லும் அமைப்புக்கே உங்கள் பணத்தை அனுப்புங்கள்.